உருகிய நெகிழி வடிகட்டல்

உருகிய நெகிழி வடிகட்டல் என்பது, பழைய நெகிழிப் பொருட்களை மறுசுழற்சி செய்யும்போது, உருக்கப்பட்ட நெகிழியைச் சல்லடை வழியே அழுத்திச் செலுத்தி, அதில் கலந்துள்ள திண்ம மாசுகளை நீக்கும் செய்முறை ஆகும். மணல், உலோகத் துணுக்கு, காகிதம், மரத்தூள், ரப்பர், கருகிய நெகிழி ஆகியன இவ்வாறு நீக்கப்படும் மாசுகளில் முக்கியமானவை. தரம் பிரித்தல், நொறுக்குதல், கழுவுதல், உலர்த்துதல் ஆகிய படிகளுக்குப் பின்னும், குருணையாக வெட்டப்படுவதற்கு முன்னும் இது நடைபெறுகிறது. மறுசுழற்சியில் திண்ம மாசைத் தடுக்கும் கடைசி வாயில் இதுவே.

இனிப்புப் பலகாரம் செய்வோர் வெல்லத்தைக் கரைத்துப் பாகாக்கி, மண்ணும் தூசியும் போக வடிகட்டுவதுடன் இதனை ஒப்பிடலாம். வெல்லம் இளகும், மண் இளகாது. இந்த வேறுபாட்டின் மீதே இரண்டு செய்முறைகளும் அமைந்துள்ளன. உருகாத பொருளை மட்டுமே சல்லடையால் பிடிக்க முடியும் என்பது இம்முறையின் வலிமையும் எல்லையும் ஆகும்.

வடிகட்டலின் தேவை

புதிய நெகிழியில் திண்ம மாசு மிகக் குறைவு. பயன்படுத்தி எறியப்பட்ட நெகிழி மண், உணவுக் கழிவு, ஒட்டுத்தாள், தைப்பு ஊசி, மூடியின் உள்தகடு எனப் பலவற்றைச் சுமந்து வருகிறது. கழுவிய பின்னும் இவற்றில் ஒரு பகுதி எஞ்சி நிற்கும்.

எஞ்சிய மாசு எவ்வளவு தீங்கு செய்யும் என்பது செய்யப்படும் பொருளின் தடிப்பைப் பொறுத்தது. 50 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள மென்தாளில் 150 மைக்ரோமீட்டர் அளவுள்ள மணல் துகள் இருந்தால் அவ்விடத்தில் ஓட்டை விழும். அதே துகள் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள வாளியின் சுவரில் வெளியே தெரியாது. ஆயினும் வாளி கீழே விழும்போது விரிசல் அத்துகளிலிருந்து தொடங்கக்கூடும். நீர்க்குழாயில் உள்ள துகள் தொடர்ந்த அழுத்தத்தின் கீழ் கசிவுக்கு வழிவகுக்கும். மணலின் முதன்மைக் கூறான குவார்ட்சு, மோவின் கடினத்தன்மை அளவுகோலில் 7 என்ற எண்ணைக் கொண்டது. எனவே அது இயந்திரத்தின் திருகையும் உருளையையும் தேய்க்கிறது.

இக்காரணங்களால், சரிவர வடிகட்டப்படாத மறுசுழற்சி நெகிழி தாழ்ந்த தரமுள்ள தடித்த பொருட்களுக்கே பயன்படுகிறது. நன்கு வடிகட்டப்பட்டது மென்தாள், இழை போன்றவற்றுக்கும் பயன்படும். பழைய புட்டி மீண்டும் மதிப்புள்ள பொருளாவதும், இன்னும் ஒருமுறை மட்டும் பயன்பட்டுக் குப்பைமேட்டை அடைவதும் பெரும்பாலும் இப்படியில் தீர்மானிக்கப்படுகின்றன.

செயல்படும் முறை

தொழிற்கூடங்களில் எக்ஸ்ட்ரூடர் என்று அழைக்கப்படும் பிதுக்குப்பொறியில் நெகிழி உருக்கப்படுகிறது. சூடாக்கப்பட்ட உருளைக்குள் சுழலும் நீண்ட திருகு, நெகிழித் துண்டுகளை முன்னோக்கித் தள்ளியபடியே உருக்குகிறது. உருளையின் முடிவில் பல துளைகள் கொண்ட தடித்த எஃகுத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இதனைத் தொழிலாளர் பிரேக்கர் பிளேட் என்பர். இத்தகட்டின் முன்புறம் கம்பிவலைச் சல்லடைகள் அடுக்கப்படுகின்றன. வடிகட்டுவது சல்லடையின் வேலை. அழுத்தத்தில் சல்லடை கிழியாமல் தாங்குவது தகட்டின் வேலை.

சல்லடையின் நுண்மை மெஷ் எண்ணால் குறிக்கப்படுகிறது. ஓர் அங்குல நீளத்தில் உள்ள கண்களின் எண்ணிக்கையே மெஷ் எண். எண் கூடக் கூடக் கண் சிறிதாகும். கம்பியின் தடிப்பைப் பொறுத்துக் கண்ணின் அளவு சற்று மாறுபடும். தோராயமான அளவுகள் பின்வருமாறு:

20 மெஷ் – 840 மைக்ரோமீட்டர்
40 மெஷ் – 420 மைக்ரோமீட்டர்
60 மெஷ் – 250 மைக்ரோமீட்டர்
80 மெஷ் – 180 மைக்ரோமீட்டர்
100 மெஷ் – 150 மைக்ரோமீட்டர்
200 மெஷ் – 75 மைக்ரோமீட்டர்
325 மெஷ் – 45 மைக்ரோமீட்டர்

மனிதத் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். வழக்கமாக ஒரே சல்லடை பயன்படுத்தப்படுவதில்லை. பெரிய கண் உள்ளது முதலிலும், நுண்ணியது நடுவிலும், அதனைத் தாங்கும் பெரிய கண் உள்ளது இறுதியிலும் வருமாறு அடுக்கப்படும். பெரிய துகள்களை முதல் சல்லடையே பிடித்துக்கொள்வதால் நுண்ணிய சல்லடை விரைவில் அடைபடுவதில்லை.

பாகுத்தன்மையும் அழுத்தமும்

உருகிய நெகிழி நீரைப்போல் ஓடுவதில்லை. அதன் பாகுத்தன்மை, வகையையும் வெப்பநிலையையும் பொறுத்து, நீரைப்போல் ஏறத்தாழ ஓர் இலட்சம் முதல் ஒரு கோடி மடங்கு வரை இருக்கும். ஆகவே புவியீர்ப்பால் அது சல்லடையில் இறங்காது. பிதுக்குப்பொறி அதனை அழுத்தித் தள்ள வேண்டும். இந்த அழுத்தம் பொதுவாக 50 முதல் 200 பார் வரை இருக்கும். ஒப்பீட்டுக்கு, மகிழுந்தின் உருளிப்பட்டையில் உள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார் ஆகும்.

மாசு சேரச் சேரச் சல்லடைக் கண்கள் அடைபட்டு, சல்லடைக்கு முன்னுள்ள அழுத்தம் ஏறுகிறது. அழுத்தமானியில் இந்த ஏற்றத்தைப் பார்த்தே சல்லடையை மாற்ற வேண்டிய நேரம் அறியப்படுகிறது. மாற்றாமல் விட்டால் மூன்று விளைவுகள் ஏற்படலாம். முதலாவதாக, வெளிவரும் அளவு குறைகிறது. இரண்டாவதாக, நெகிழி உருளைக்குள் நெடுநேரம் தங்கி மிகைவெப்பமடைந்து சிதைகிறது. மூன்றாவதாக, சல்லடை கிழிந்து, அதுவரை பிடிபட்ட மாசு முழுவதும் ஒரேயடியாகக் குருணையில் கலக்கிறது.

சல்லடை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது உள்ளே வரும் மாசின் அளவைப் பொறுத்தது. மணிக்கு 300 கிலோகிராம் நெகிழியை உருக்கும் இயந்திரத்தில் 1 விழுக்காடு மாசு இருந்தால், மணிக்கு 3 கிலோகிராம் மாசு சல்லடையை அடையும். 0.1 விழுக்காடு மட்டுமே இருந்தால் அது 300 கிராம் ஆகும். முன்படிகளில் நன்கு தரம் பிரித்துக் கழுவினால் சல்லடையின் ஆயுள் இந்த அளவுக்கு நீள்கிறது.

சல்லடை மாற்றிகள்

சல்லடையை மாற்றும் முறையைக் கொண்டு வடிகட்டிகள் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன.

* கைமுறை மாற்றம்: இயந்திரத்தை நிறுத்தி, முகப்பைத் திறந்து, அடைபட்ட சல்லடையைக் கையால் எடுத்துப் புதியதை வைத்தல். செலவு குறைவு. சிறு தொழிற்கூடங்களில் காணப்படுவது.
* நகர்தகடு: ஒரே தகட்டில் இரு சல்லடை இடங்கள் இருக்கும். நீரியல் உந்துதண்டு தகட்டை நகர்த்தும்போது பழைய சல்லடை வெளியேறிப் புதியது அதன் இடத்துக்கு வருகிறது. ஓட்டம் சிறிது நேரமே தடைபடும்.
* இரட்டை உந்துதண்டு: நெகிழி இரு வழிகளில் ஓடும். ஒரு வழியில் சல்லடை மாற்றப்படும்போது மற்ற வழி திறந்திருக்கும்.
* பின்னோட்டத் தூய்மி: வடிகட்டிய நெகிழியில் சிறிதளவைப் பின்னோக்கிச் செலுத்தி, சல்லடையில் ஒட்டியுள்ள மாசை வெளியே தள்ளும்.
* சுழல்தகடு: வட்டத் தகட்டில் வரிசையாகப் பல சல்லடைகள் அமைந்து, தகடு சிறிது சிறிதாகச் சுழலும். செருமனியில் 1983 இல் தொடங்கப்பட்ட குனாய்சு நிறுவனம் இவ்வகைக்குப் பெயர் பெற்றது.
* லேசர் வடிகட்டி: கம்பிவலைக்கு மாற்றாக, லேசர் கதிரால் நுண்துளைகள் இடப்பட்ட எஃகுத் தகடு பயன்படுகிறது. தகட்டின் மேல் சுழலும் சுரண்டி மாசை உடனுக்குடன் வழித்து வெளியேற்றும். ஆசுதிரியாவில் 1983 இல் தொடங்கப்பட்ட எரெமா நிறுவனம் இதனைத் தயாரிக்கிறது. மாசு மிகுந்த நெகிழிக்கு இவ்வகை ஏற்றது.

நெகிழி வகைகளும் வடிகட்டலும்

ஒவ்வொரு நெகிழியும் வெவ்வேறு வெப்பநிலையில் உருகுகிறது. தாழ்அடர்த்தி பாலி எத்திலீன் ஏறத்தாழ 110 பாகை செல்சியசிலும், உயரடர்த்தி பாலி எத்திலீன் 130 பாகையிலும், பாலி புரொப்பிலீன் 165 பாகையிலும், நைலான் 6 என்பது 220 பாகையிலும், பெட் எனப்படும் பாலி எத்திலீன் டெரிப்தாலேட் 250 முதல் 260 பாகையிலும் உருகுகின்றன.

இதனால் ஒரு நெகிழிக்குள் மற்றொரு நெகிழியே மாசாகிவிடுகிறது. 200 பாகை செல்சியசில் பாலி எத்திலீனை வடிகட்டும்போது, அதில் கலந்துள்ள பெட் துண்டுகள் உருகாமல் சல்லடையில் தங்கும். எதிர்நிலையில், 280 பாகையில் பெட்டை வடிகட்டும்போது அதில் கலந்துள்ள பாலி எத்திலீன் உருகிச் சல்லடையைத் தாண்டிவிடும். அதன் விளைவாகக் கிடைக்கும் பெட் மங்கலாகவும் வலிமை குன்றியும் இருக்கும்.

பி.வி.சி. இதனினும் கடுமையான சிக்கலைத் தருகிறது. அதன் அடர்த்தி பெட்டின் அடர்த்தியை ஒத்திருப்பதால் நீர்த்தொட்டியில் இரண்டும் ஒன்றாக மூழ்கும். பெட் உருகும் வெப்பநிலையில் பி.வி.சி. சிதைந்து ஐதரசன் குளோரைடு வளிமத்தை வெளியிடுகிறது. இவ்வளிமம் பெட்டின் மூலக்கூறு சங்கிலிகளை வெட்டுவதோடு இயந்திரத்தையும் அரிக்கும். எஞ்சிய கரும்புள்ளிகளில் ஒரு பகுதியை மட்டுமே சல்லடை பிடிக்கும்.

வடிகட்டலால் நீக்க இயலாதவை

பின்வருவனவற்றைச் சல்லடையால் நீக்க முடியாது.

* உருகிக் கலந்துவிட்ட பிற நெகிழிகள்.
* நிறமிகள், அச்சு மை, கரைந்துள்ள வேதிப்பொருட்கள். இவற்றுள் ஆவியாகக்கூடியவை வெற்றிடத்தில் வளிமம் நீக்கும் பகுதியில் ஓரளவு வெளியேற்றப்படுகின்றன.
* நாற்றம்.
* சல்லடைக் கண்ணைவிடச் சிறிய துகள்கள். நொறுக்குத்தீனிப் பொதிகளில் ஆவியாகப் படியவைக்கப்பட்ட அலுமினியப் பூச்சின் தடிப்பு சில பத்து நானோமீட்டர் மட்டுமே. அது தூளாகிச் சல்லடையைக் கடந்து நெகிழியைச் சாம்பல் நிறமாக்கும்.
* ஜெல் எனப்படும் குறுக்குப்பிணைப்புற்ற நெகிழித் துணுக்குகள். இவை அழுத்தத்தில் நீண்டு கண்ணுக்குள் நுழைந்து மறுபுறம் மீண்டும் உருண்டுவிடக்கூடியவை.

மேலும், வெயிலாலும் வெப்பத்தாலும் சிதைந்த மூலக்கூறுகளை வடிகட்டல் சீர்செய்வதில்லை. வடிகட்டிய நெகிழி தூய்மையானது என்பதால் அது புதியதைப் போன்றது என்று பொருளாகாது.

தமிழ்நாட்டில்

இழைத் தயாரிப்பு

பெட் புட்டிகளிலிருந்து பாலியெசுட்டர் இழை செய்யும் தொழிலில் வடிகட்டல் மிக நுண்மையாக இருக்க வேண்டும். 1.5 டெனியர் அளவுள்ள இழையின் விட்டம் ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர். அதனினும் பெரிய துகள் ஒன்று இருந்தாலே இழை அறுந்துவிடும். எனவே பிதுக்குப்பொறிக்குப் பின் ஒரு வடிகட்டியும், நூற்புத் துளைகளுக்குச் சற்று முன் மற்றுமொரு நுண்வடிகட்டியும் அமைக்கப்படுகின்றன. கரூரைச் சேர்ந்த ஸ்ரீ ரெங்கா பாலிமர்சு நிறுவனம் இத்துறையில் அறியப்பட்டதாகும். 2023 பெப்ரவரியில் பிரதமர் நரேந்திர மோதி நாடாளுமன்றத்தில் அணிந்திருந்த, பழைய பெட் புட்டிகளிலிருந்து செய்யப்பட்ட மேலாடைக்கான துணி இந்நிறுவனத்திலிருந்து சென்றது.

இரும்பை – மரக்காணம் கடற்கரைப் பகுதி

இரும்பை, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லை ஒட்டி அமைந்துள்ள ஊர் ஆகும். தேவாரப் பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயில் இங்குள்ளது. இவ்வூரைச் சூழ்ந்த மேட்டுநிலம் செம்மண்ணால் ஆனது. இதற்கு வடக்கே கழுவெளி ஈரநிலமும், அதனைக் கடந்து மரக்காணம் உப்பளங்களும் உள்ளன. கழுவெளி 2021 இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2024 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. மழைக்காலத்தில் மேட்டுநிலத்து நீர் கழுவெளியில் சேர்ந்து, எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலை அடைகிறது. நிலத்தில் எறியப்படும் நெகிழியும் இதே வழியில் செல்லக்கூடும்.

இத்தகைய நிலப்பகுதியில் பொறுக்கப்படும் நெகிழியில் செம்மண், மணல், உப்பு ஆகிய மூன்றும் ஒட்டியிருக்கும். வடிகட்டலின் நோக்கில் இம்மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

மணலின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு. பாலி எத்திலீனும் பாலி புரொப்பிலீனும் நீரில் மிதப்பவை. ஆகவே கழுவுதொட்டியில் மணல் அடியில் தங்க, நெகிழி மேலே மிதக்கும். எஞ்சிய மணலையும் சல்லடை பிடிக்கும்.

செம்மண்ணின் களித்துகள்கள் 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. தொழிலில் பயன்படும் எந்தச் சல்லடையும் இவற்றைப் பிடிக்காது. இவை குருணைக்குச் செந்நிறச் சாயலைத் தருவதுடன், இவற்றிலுள்ள இரும்புச் சேர்மங்கள் நெகிழி ஆக்சிசனேற்றமடைந்து சிதைவதை விரைவுபடுத்தவும் கூடும். செம்மண்ணை நீக்க உரசிக் கழுவுதல் ஒன்றே வழி.

உப்பு 801 பாகை செல்சியசில்தான் உருகும். ஆதலால் உருகிய நெகிழிக்குள் அது மணலைப் போலவே திண்மத் துகளாக இருக்கும். மணலுக்கு மாறாக அது நீரில் எளிதில் கரைந்து நீங்கிவிடும். ஆனால் கழுவும் நீரே உவர்நீராக இருந்தாலோ, அதே நீர் பலமுறை சுழற்சியில் பயன்பட்டாலோ, உலரும்போது உப்பு மீண்டும் நெகிழியின் மேல் படியும். அதிலுள்ள குளோரைடு எஃகுப் பாகங்களை அரிக்கும். கழுவெளிப் படுகையில் நிலத்தடி நீர் உவர்ப்படைவது ஆய்வாளர்களால் கவனிக்கப்பட்டுள்ள சிக்கலாகும். நல்ல சல்லடை இருந்தும் கழுவ நன்னீர் இல்லையெனில் நல்ல குருணை கிடைப்பது அரிது.

உப்புநீருக்கு ஒரு நற்பயனும் உண்டு. பாலிசுடைரீனின் அடர்த்தி ஏறத்தாழ 1.05, பெட்டின் அடர்த்தி 1.35க்கு மேல். தூய நீரில் இரண்டும் மூழ்கும். அடர்த்தி 1.1 அளவுள்ள உப்புக்கரைசலில் பாலிசுடைரீன் மிதக்க, பெட் மூழ்கும். இவ்வாறு பிரித்த பின் நன்னீரில் அலசுதல் கட்டாயம்.

கடற்கரையில் நெடுநாள் வெயிலில் கிடந்த நெகிழி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். அதில் ஜெல் துணுக்குகளும் மிகுந்திருக்கும். எனவே கடலை அடைந்த பின் பொறுக்கப்படும் நெகிழியைவிட, வீட்டிலேயே தனியாகப் பிரித்துக் கொடுக்கப்படும் நெகிழி மறுசுழற்சிக்கு மிகவும் ஏற்றது. அலசி உலர்த்திய பால் உறை பழைய பொருட்கள் வாங்கும் காயலான் கடைகளில் விலைபோவதற்கு இதுவே காரணம்.

வடிகட்டல் தேவைப்படாத பயன்பாடு

மாசு மிகுந்தும் பல வகை கலந்தும் உள்ள நெகிழியை வடிகட்டுவது இலாபகரமானதல்ல. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் உருவாக்கிய நெகிழிச் சாலை முறை அத்தகைய கழிவில் ஒரு பகுதிக்குப் பயன்படுகிறது. இம்முறையில் நறுக்கிய நெகிழி, ஏறத்தாழ 160 முதல் 170 பாகை செல்சியசு வரை சூடாக்கிய சல்லிக்கற்களின் மேல் தூவப்பட்டுப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. பின்னர் தார் சேர்க்கப்படுகிறது. இதற்குச் சல்லடை தேவையில்லை. எனினும் பி.வி.சி. இதிலும் தவிர்க்கப்பட வேண்டும். வாசுதேவனுக்கு 2018 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

சட்டங்களும் நிறுவனங்களும்

நெகிழித் தொழிலுக்கான பயிற்சியும் சோதனையும் அளிக்கும் நடுவண் அரசு நிறுவனமான சிப்பெட் 1968 இல் சென்னையில் தொடங்கப்பட்டது. நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 இல் வெளியிடப்பட்டன. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருட்கள் தடை செய்யப்பட்டன. பால் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2022 பெப்ரவரியில் வெளியான நடுவண் அரசின் வழிகாட்டுதல்கள், வன்மையான நெகிழிப் பொதிகளில் 2025–26 ஆம் ஆண்டில் 30 விழுக்காடு மறுசுழற்சி நெகிழி இருக்க வேண்டும் என்றும், 2028–29 இல் இது 60 விழுக்காடாக உயர வேண்டும் என்றும் குறிப்பிட்டன. இத்தகைய விழுக்காட்டை எட்டுவதற்கு நுண்ணிய வடிகட்டல் இன்றியமையாதது.

தொழிலாளர் பாதுகாப்பு

கைமுறையில் சல்லடை மாற்றுவது இடர் மிகுந்த வேலை. 200 பாகை செல்சியசுக்கும் மேலான நெகிழிக் குழம்பு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமான தீப்புண்ணை ஏற்படுத்தும். நீரைப்போல் அது வழிந்தோடுவதில்லை. உருளைக்குள் அழுத்தம் எஞ்சியிருக்கும்போது முகப்பைத் திறந்தால் குழம்பு பீறிட்டடிக்கும். ஆகவே திருகை நிறுத்தி, அழுத்தம் இறங்கியதை உறுதிசெய்த பின்னரே திறக்க வேண்டும். வெப்பம் தாங்கும் கையுறை, முகக்காப்பு, முழுக்கை உடை ஆகியன தேவை. அடைபட்ட சல்லடையிலிருந்து எழும் புகையை உறிஞ்சி வெளியேற்றும் காற்றோட்ட அமைப்பும் வேண்டும்.

பயன்படுத்திய சல்லடையில் நெகிழியும் மாசும் இறுகியிருக்கும். கம்பிவலையை மீட்பதற்காக அதனைத் திறந்தவெளியில் எரிப்பது நச்சுப்புகையை உண்டாக்கும். 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி, நெகிழிக் கழிவு திறந்தவெளியில் எரிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாகும். வெற்றிட வெப்பச்சிதைவு உலை, சூடான மணற்படுகை உலை ஆகியவற்றில் சல்லடையைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தலாம். பெட் வடிகட்டிகளைச் சூடான கிளைக்கால் கரைப்பான்களில் ஊறவைத்துத் தூய்மை செய்யும் முறையும் உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* நெகிழி
* மறுசுழற்சி
* பாகுத்தன்மை
* பாலி எத்திலீன்
* நெகிழிச் சாலை
* கழுவெளி
* மரக்காணம்